கை கழுவிட்டு வாங்க

"ஒரு குறையும் வைக்கலம்மா. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சேன். பின்ன ஏன் ஆற மாட்டேங்கு?"

எதிரே அம்மை உட்கார்ந்திருந்தாள்.

கேட்டவர் பேர் மாசிலாமணி. சாத்தூரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். மீசை முளைத்த நாளிலிருந்து வத்தல் மூட்டைகளுக்கு நடுவில்தான் வாழ்க்கை. ஒரு வத்தலைக் கிள்ளி விதையை விரலில் நசுக்கினாரென்றால், எந்த ஊர்க் கரிசலில் விளைந்தது என்று சொல்லிவிடுவார்.

விடிகாலை பஸ் ஏறி மலையடிவாரத்தில் இறங்கி, ஓடைக்கரையோடு நடந்து அம்மையின் மடத்துக்கு வந்திருந்தார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சுனை. சுனைத் தண்ணீர் வந்து விழும் கல்தொட்டி. நாலு ஓட்டுக் கூரைகள். அவ்வளவுதான்.

அம்மை அவரைவிட வயதில் இளையவள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அந்தத் தழும்பினால் அந்தப் பேர் வந்ததா, ஊர் வைத்த மரியாதையா என்று யாருக்கும் தெரியாது. பரு என்றும் மங்கு என்றும் தேமல் என்றும் ஆறாத புண் என்றும், முகத்தை மறைத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள்.

களிம்பு கேட்டால் கிடையாது. சூரணம் கேட்டால் கிடையாது. ஏதாவது சொல்வாள். அதுவும் ஒரு வார்த்தையோ ரெண்டு வார்த்தையோ.

"யாருக்கு?" என்று கேட்டாள் அம்மை.

"என் வீட்டுக்காரிக்கு. தங்கபுஷ்பம்."

"என்ன பண்ணுது?"

"மூஞ்சி பூரா செவந்து கிடக்கும்மா. தோல் உரியுது. வெடிச்சு நீர் வடியுது. மொதல்ல இப்படி இல்ல. கன்னத்துல லேசா மங்கு விழுந்துச்சு. அம்புட்டுத்தான். சொந்தத்துல ஒரு கல்யாணம். அங்க ஒருத்தி, 'என்னக்கா, கன்னத்துல கரி ஒட்டியிருக்கு'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டா. அன்னைக்கு இருந்து இவ விசேஷ வீடு எதுக்கும் வரதில்ல. மனசு கேக்கல. நானே எறங்கிட்டேன்."

"எப்படி?"

"கஸ்தூரி மஞ்சள், சந்தனம், பச்சப்பயறு. கடையில விக்கிற மாவை நம்பல. நானே வாங்கி, நானே அரைச்சு, சாயந்தரம் மண்டியில இருந்து வந்ததும் வராததுமா என் கையாலயே பூசிவிடுதேன். ஒருநாள் தவறினது இல்ல."

"பூசினபெறகு?"

"கூடிக்கிட்டே போகுது." அவர் குரல் இறங்கியது. "அது கூடக் கூட நானும் கூடப் பூசுதேன்."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"காட்டாம இருப்பனா? 'எதையும் பூசாதீங்க, வெறும் தண்ணியில கழுவட்டும்'னாரு. சும்மா இருக்கச் சொல்லுததுக்கு ஒரு டாக்டராம்மா?"

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுங்க அண்ணாச்சி."

ரேகை பார்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார் மாசிலாமணி. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.

அம்மை குனிந்தாள். கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். சட்டென்று பின்னால் சாய்ந்தாள். கண் சிவந்து, பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கை கழுவிட்டு வாங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐயோ, என் ரேகையைப் பார்த்து அம்மை அழுதுவிட்டாளே! அப்படி என்ன எழுதியிருக்கிறது என் கையில்? அவருக்கும் கண் நிறைந்தது. கழுத்தைச் சாய்த்து, தோளில் கிடந்த துண்டில் கண்ணை ஒற்றிக்கொண்டார். கையால் கண்ணைத் துடைக்கிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

வாசலில் சாம்பசாமி உட்கார்ந்திருந்தார். தாடியும் திருநீறுமாக, ரொம்ப காலமாக மடத்திலேயே இருக்கிறவர். அம்மை பேசாத பேச்சையெல்லாம் இவர்தான் பேசுவார்.

"அம்மை என்ன சொன்னாக?"

"கை கழுவிட்டு வாங்கன்னு சொன்னாக."

"அது எல்லார்ட்டயும் சொல்லுததுதான். அந்தா, தொட்டி இருக்கு."

"சொல்லும்போது அழுதாக சாமி."

சாம்பசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மை அழுதாகளா? நீங்க பாத்தீங்களா?"

"என் கையைப் பாத்தாக. பொலபொலன்னு கண்ணீரு."

"நான் வந்த நாள்ல இருந்து அம்மை அழுது பாத்ததில்ல." சாம்பசாமி தாடியைத் தடவினார். "அப்படின்னா உங்களுக்குச் சொன்னது தண்ணியில கழுவுத கை இல்ல அண்ணாச்சி."

"பின்ன?"

"இந்தக் கையி எதை இறுக்கிப் புடிச்சிருக்கோ, அதைக் கைகழுவிட்டு வரச் சொல்லுதாக. உங்களுக்கு எந்நேரமும் எது நெனப்பு?"

மாசிலாமணி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"அவ மூஞ்சிதான் சாமி."

"தெரியுதுல்லா?"

கல்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அதைத் தாண்டித்தான் பாதைக்குப் போகவேண்டும். தாண்டிப் போனார்.

உள்ளதைச் சொல்லவேண்டும். சாம்பசாமி மேல் மட்டும் பழி போட்டால் அது நியாயமில்லை. பூசிப் பூசியும் ஆறாத அந்த முகத்தை நாள்தோறும் பார்த்து மனுஷனுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்புக்குத் துறவு என்று ஒரு நல்ல பேர் கிடைத்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயந்தரம் வீட்டில் மஞ்சள் அரைக்கிற சத்தம் கேட்கவில்லை.

தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானை மூக்குவரைக்கும் மூடியிருந்தது.

"இன்னைக்கு அரைக்கலையா?"

"இல்ல."

"மேலுக்குச் சரியில்லையா?"

"புஷ்பம், நான் அம்மைகிட்டயே போயிரலாம்னு இருக்கேன். மண்டியை என் தம்பி பாத்துக்கிடுவான். நீ தங்கப்பழம் வீட்டுல போய் இரு. உன் தம்பி உன்னைத் தங்கமாப் பாத்துக்கிடுவான்."

அவள் கிட்ட வந்தாள். பிறகு முந்தானையை எடுத்தாள். கன்னம் இரண்டும் வெந்து கிடந்தன.

"இந்த மூஞ்சிதானா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "அம்மை சொல்லிட்டாக. கைகழுவச் சொல்லிட்டாக" என்றார் தரையைப் பார்த்து.

தங்கபுஷ்பம் அழுது கத்தியிருந்தால் அவர் நின்றிருப்பாரோ என்னவோ. அவள் கத்தவில்லை. முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். துணிமணி எடுத்து வைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

மறுநாள் தங்கப்பழம் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். மச்சான் என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

மாசிலாமணி மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்தார். ஒரு மூட்டை நயம் வத்தலை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். உறவையெல்லாம் உதறிவிட்டுத்தான் போகிறார். இருந்தாலும் ஒரு இடத்துக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போகிற பழக்கம் அவர் குடும்பத்தில் இல்லையே!

அம்மை சுனைப் பக்கம் நின்றிருந்தாள்.

"கழுவியாச்சா அண்ணாச்சி?"

"கழுவியாச்சும்மா."

"நல்லாவா?"

"மிச்சம் மீதி இல்லாம."

"இப்ப எரிச்சல் இருக்கா?"

அவள் கேட்டது தங்கபுஷ்பத்தின் முகத்தை. அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எரியுதும்மா. அப்படியே காந்துது."

அம்மை யோசித்தாள்.

"அப்ப சரியாக் கழுவல. ஒருதரம் கழுவினா போகாது. இன்னும் நல்லாக் கழுவணும்."

"சரிம்மா."

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சுக் கழுவினாத்தான் விடும்."

எப்பேர்ப்பட்ட வாக்கு! மாசிலாமணி கண்ணை மூடிக் கும்பிட்டார். எண்ணெய் என்றால் பக்தி என்று சாம்பசாமி பிற்பாடு விளக்கம் சொன்னார்.

"நான் கொஞ்சநாள் இங்கயே இருந்துக்கிடட்டுமாம்மா?"

"இருங்க."

மனசு ஆறுதலுக்காக வந்து தங்கிப் போகிறவர்கள் அங்கே எப்போதும் நாலைந்து பேர் உண்டு. வந்தவர் வீட்டுக் கதையை அம்மை கேட்கிறதில்லை. இவரும் சொல்லவில்லை.

மடத்து அடுப்படியில் அவருக்கு வேலை தானாக அமைந்தது. வத்தல் காம்பு கிள்ளுவதும் இடிப்பதும். மற்றவர்கள் தும்மித் தும்மி ஓடுவார்கள். இவருக்கு ஒரு தும்மல்கூட வராது. மூக்கும் கையும் என்றைக்கோ பழகிப் போயின.

ஆவணியில் தங்கப்பழம் ஆளனுப்பினான். அக்கா ஒரு வார்த்தை பேசணும் என்கிறாள், வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று.

இன்னும் நல்லாக் கழுவணும் என்று அம்மை சொன்னது மாசிலாமணி காதில் ஒலித்தது.

"அப்படி எனக்கு யாரும் இல்லன்னு போய்ச் சொல்லும்."

வந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்தான். காறித் துப்பாத குறையாகத் திரும்பிப் போனான்.

மாசிலாமணி உலக்கையை எடுத்து இடிக்கத் தொடங்கினார். நெஞ்சு காந்தியது. அன்றைக்கு ரொம்பவே காந்தியது. பூசும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அது ஞாபகம் வந்தது. வெட்கம் என்று நினைத்திருந்தார். அந்த முகம் இப்போது எப்படி இருக்கிறதோ? அவரே அரைத்துப் பூசியும் ஆறாதது, பூச ஆளில்லாமல் என்ன கதி ஆகியிருக்கும்?

அழக்கூடாது என்று நினைத்தார். அழுதார். தோளைத் தூக்கித் துடைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்தது.

ஓடைக்கரையோடு ஒரு பொம்பளை வந்தாள். தலை நிமிர்ந்து வந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

சாம்பசாமி வழக்கம்போலச் சொன்னார்.

"கை கழுவிட்டு வாங்கம்மா."

அவள் நின்றாள்.

"நான் கழுவுதேன். என்னைக் கைகழுவிட்டு வந்த ஆளு எங்க இருக்காரு?"

சாம்பசாமி தொட்டியைக் காட்டினார்.

அவள் தொட்டியில் கையைக் கழுவினாள். முழங்கைவரை கழுவினாள். முகத்திலும் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டாள். நேரே அம்மைக்கு முன்னால் போய் நின்றாள். உட்காரவில்லை, கும்பிடவும் இல்லை.

"உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"சாத்தூர் மாசிலாமணி நாடார் பொண்டாட்டி நான். எம் புருசனை நீங்க என்னத்தச் சொல்லி அனுப்புனீங்க?"

அம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். தோல் ஆறி, மூடி, மினுங்கியது. கன்னத்தில் மட்டும் பழைய மங்கின் லேசான நிழல்.

"ஆறிட்டே" என்றாள் அம்மை.

"மூஞ்சி ஆறிட்டு."

"என்ன போட்டீங்க?"

"ஒன்னும் போடல. யாருக்குக் காட்ட? காலையில கழுவுவேன். அழுவேன். பெறகு கழுவுவேன். தம்பி பொண்டாட்டி தேங்காய் எண்ணெய் கொடுத்தா. காஞ்ச இடத்துல ரெண்டு சொட்டுத் தடவிக்கிடுவேன். வெயில்ல போனா குடை புடிச்சுக்கிட்டேன். வேற ஒன்னும் இல்ல. ஆறிட்டு."

"எப்ப இருந்து ஆறிச்சு?"



"அவுக போனதுல இருந்து."

அம்மையின் முகத்தில் என்னவோ மாறியது.

"போனதுல இருந்துன்னா? எங்க போனாரு?"

"எங்க போனாருன்னு என்கிட்டயா கேக்கீங்க? உங்க மடத்துல இருக்காரு! கைகழுவச் சொல்லி நீங்கதான் சொன்னீகளாம். என்னைத் தம்பி வீட்டுல தள்ளிவிட்டுட்டு வந்து இங்க சாமியாரா உக்காந்திருக்காரு. ஆளனுப்பினேன். அப்படி யாரும் எனக்கு இல்லன்னு சொல்லிவிட்டிருக்காரு."



"சாம்பசாமி" என்றாள் அம்மை. "அண்ணாச்சியைக் கூப்பிடுங்க."

சாம்பசாமி அந்த வேலைக்கே காத்திருந்தவர் மாதிரி எழுந்து ஓடினார்.

மாசிலாமணி அடுப்படியிலிருந்து வந்தார். வேட்டியெல்லாம் சிவப்புப் பொடி. வாசலைத் தாண்டியதும் அவளைப் பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது.

அவர் பார்த்தது அவள் முகத்தை. எத்தனையோ நாள் அவர் அரைத்த மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் ஆறாத முகம். அவர் இல்லாமல் ஆறிப்போய், தெளிந்து, கோபத்தில் சிவந்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"புஷ்பம், ஆறிட்டா?"



அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா, வெட்கமா, தன்னால் முடியாதது வேறெப்படியோ முடிந்துவிட்டதே என்ற வலியா, எல்லாம் கலந்து வந்தது. கண்ணீர் மீசைவரை இறங்கியது.

"கண்ணைத் தொடைங்க அண்ணாச்சி" என்றாள் அம்மை.

அவர் கழுத்தைச் சாய்த்தார். தோளைத் தூக்கினார்.

"அது ஏன் தோள்ல தொடைக்கீங்க? கையி இருக்குல்லா?"

"கையில வத்தக் காரம் இருக்கும்மா. மூஞ்சியில பட்டா எரி..."

நின்றுவிட்டார்.

கையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பாக ஏறியிருந்த காரத்தைப் பார்த்தார். வாலிபத்திலிருந்து அது அங்கேதான் இருந்தது.

அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க அழுதது?"

"நான் அழல" என்றாள் அம்மை. "நெடி ஏறிட்டு. கண்ணு எரிஞ்சிச்சு."

"கை கழுவிட்டு வாங்கன்னு சொன்னது?"

"கையை. உங்க ரெண்டு கையை."

சாம்பசாமி திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அம்மை எழுந்து தங்கபுஷ்பத்துக்கு முன்னால் வந்தாள்.

"வாசல்ல வார எல்லார்ட்டயும் சொல்லுத சொல்லு. கண்ணு எரியுதேன்னு பாதியில எழுந்து போயிட்டேன். நின்னு சொல்லிருக்கணும். 'கையை'ங்கதுல ஒரு எழுத்து கொறஞ்சிட்டு. உங்க குடும்பத்தையே ஆட்டிட்டு. என் மேலயும் தப்பு இருக்கு தாயி."

தங்கபுஷ்பம் அதற்குத் தலையை அசைத்தாள். ஆனால் அவள் கண் புருஷனைவிட்டு நகரவில்லை.

மாசிலாமணி அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா? என் கையாலதான்னு?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாளே தெரியும். மஞ்சள் எரியுமா? சந்தனம் எரியுமா?"

"பாவி, ஏன் சொல்லல? ஒரு வார்த்தை எரியுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் உதடு துடித்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நீங்க எனக்கு முகம் கொடுத்துப் பேசினது உண்டா? வருவீங்க. சோத்தைப் போடும்பீங்க. சாப்பிடுவீங்க. போவீங்க. என் மூஞ்சியில மங்கு விழுந்ததே அந்தக் கல்யாண வீட்டுக்காரி சொல்லித்தான உங்களுக்குத் தெரியும்? அப்புறம் ஒருநாள் கிண்ணியோட வந்து எம் முன்னால உக்காந்தீங்க. கண்ணை மூடிக்கோ புஷ்பம்னீங்க. ஊதி ஊதிப் பூசினீங்க. எரியுதான்னு கேட்டீங்க. இல்லன்னேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"எரியுதுன்னா நிறுத்திருவீங்க."

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். 

"எரியும். தாங்கிக்கிட்டேன். மூஞ்சி வெந்துச்சு, அதையும் தாங்கிக்கிட்டேன். நாளைக்கும் வருவீங்கன்னு தாங்கிக்கிட்டேன். கடைசியில நீங்க அந்த மூஞ்சி ஆறலன்னே என்னை விட்டுட்டு வந்துட்டீங்க."

அழுகையை அவளே நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைக்காமல் மெல்ல ஒற்றிக்கொண்டாள்.

"இப்ப ஆறியிருக்கு. இனிமே இதை எதுக்காகவும் வேகவிட மாட்டேன். யாருக்காகவும். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மாசிலாமணி அம்மையைப் பார்த்தார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை.

அம்மை அடுப்படிக்குப் போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தையும் கொஞ்சம் அரப்புப் பொடியையும் எடுத்து வந்தாள். கல்தொட்டியின் விளிம்பில் வைத்தாள். செம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு, ஊற்றுகிறவளாக நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி."

தாண்டிப் போன தொட்டிக்கு அவர் திரும்பி வந்தார்.

எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். ஒரு குச்சியை எடுத்து நகக்கண்ணைச் சுரண்டினார். அரப்பைப் போட்டுக் கரகரவென்று தேய்த்தார். அம்மை ஊற்றினாள். சிவந்த தண்ணீர் கல்லில் வழிந்து ஓடியது. ஓட ஓட அவர் அழுதார். இந்தமுறை துடைத்துக்கொள்ளவில்லை.

மறுபடி எண்ணெய். மறுபடி அரப்பு. தண்ணீர் வெளுத்து ஓடுகிறவரை கழுவினார்.

ஈரக் கையோடு தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்தார்.  இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடைப் பாதையை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பிறகு அவர் கையைப் பிடித்து, மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

கையை விட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தாள்.

"போய் இன்னொருக்கா கழுவிட்டு வாங்க. இருக்கேன்."